பதினோராம் நம்பர்

பிரின்சிபால் யேசுரத்தினம் வராந்தாத் தூணோரமாக நின்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். தலைகளை அல்ல. 'சார்'களை.

உள்ளே சீனியர் இன்டர்மீடியட் பௌதிக வகுப்பு. விரிவுரையாளர் யூஜின் ஆஜர்ப் பட்டியலை விரித்து வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கிருஷ்ணமணி."

"பிரசன்ட் சார்."

"செல்வதாஸ்."

"பிரசன்ட் சார்."

பதினெட்டுப் பேர் கொண்ட வகுப்பு. பட்டியல் மூடும் சத்தம் கேட்டபோது பிரின்சிபாலின் கணக்கு பதினேழில் நின்றது. பதினோராவது குரல் "பிரசன்ட்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டது. நேற்றும் அப்படித்தான். முந்தாநாளும் அப்படித்தான்.

அவருக்குக் காது மடல் சிவந்தது. அந்தக் கோபத்தில் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டார். பதினோராவது ஆளை மட்டும் யூஜின் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "பதினொன்று" என்றுதான் சொன்னார். அதைக் கவனித்திருந்தால் இந்த விவகாரம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

ஒரு 'சார்' குறைந்ததற்கு இவ்வளவு கோபமா என்று கேட்கலாம். காரணம் இருந்தது.

யேசுரத்தினம் பொறுப்பேற்ற 1931-ல் அந்தக் கல்லூரிப் பையன்கள் ஒவ்வொரு ஆசிரியரையும் அவரவர் பிறப்புக்குத் தக்கபடி கூப்பிட்டார்கள். தமிழ்ப் பண்டிதருக்கு 'சாமி'. கணித ஆசிரியருக்கு 'பிள்ளைவாள்'. ரசாயன ஆசிரியரின் தகப்பனார் பனையேறியவர். அவருக்கு வெறும் தொண்டைக் கனைப்பு. பயந்த பையன்கள் சிலர் வீட்டுப் பழக்கத்தில் எல்லோரையும் 'ஏமானே', அதாவது எஜமானே, என்றார்கள். யேசுரத்தினத்தின் தகப்பனார் தம் ஆயுள் முழுக்க, மீசை முளைக்காத பையன்களைக்கூட, 'ஏமானே' என்று கூப்பிட்டு வழி கேட்டு நடந்தவர்.

அதனால் முதல் வாரமே நோட்டீஸ் போர்டில் கண்ணாடிக்குள் ஒரு தாள் ஏறியது. 'கல்லூரி எல்லைக்குள் எல்லா மாணவரும் எல்லா ஆசிரியரையும் சார் என்றே அழைக்க வேண்டும்.' எல்லாருக்கும் ஒரே சொல். அதை நிலைநாட்ட மூன்று வருஷம் ஆயிற்று. மூன்று வருஷ உழைப்பில் இப்போது ஒரு ஓட்டை.

பதினோராம் நம்பர் பையனை ஆபீசுக்கு வரச் சொன்னார்.

"உன் பேரு?"

"மத்தியாஸ் சார்."

"எங்கிட்ட சார் நல்லாவே வருதே! யூஜின் சார்கிட்ட மட்டும் ஏன் வரமாட்டேங்குது? எந்த ஊரு நீ?"

"வட்டக்கோட்டைக்கு மேற்க, கடப்புறம் சார்."

"யூஜினுக்கும் அந்த ஊர்தானே?"

"ஆமா சார்."

பிரின்சிபால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ அதான் விஷயம். நம்மகூட கரையில நின்னு வல இழுத்தவன் வீட்டு ஆளு, இவனுக்கு என்ன சாருன்னு எளக்காரம். அப்படித்தானே?"

"சத்தியமா இல்ல சார்."

"பின்ன என்ன? வேற சாதிக்காரன் சொல்லாம இருந்தா எனக்குப் புரியும், சண்டை போடுவேன். சொந்த ஆளே சொல்லாம இருந்தா நான் எங்க போய் முட்டிக்கிறது?" அவர் குரல் தணிந்தது. அது கத்துவதைவிட மோசமாக இருந்தது. "பரீட்சைக்குப் போற பேர்ப் பட்டியல் செவ்வாய்க்கிழமை மதராஸ் சர்வகலாசாலைக்குத் தபால்ல போகுது. திங்கட்கிழமை நான் வகுப்பு வாசல்லயே நிற்பேன். பதினெட்டு சார் கேட்கணும். கேட்காட்டா பட்டியல்ல உன் பேரு இருக்காது. போ."

வியாழக்கிழமை அது. மத்தியாஸுக்கு மூன்று நாள் இருந்தது.

கல்லூரிக் கேட்டுக்கு எதிரே அன்னக்கிளியின் காப்பிக்கடை. கிருஷ்ணமணி அங்கே ஏற்கெனவே பெஞ்சில் ஏறி உட்கார்ந்து வழக்கு நடத்திக்கொண்டிருந்தான். தேரூர்ப் பக்கத்து வயல்காரர் வீட்டுப் பையன். கொள்ளுப்பேரன் காலத்தில் வரப்போகிற அநியாயத்துக்குக்கூட இன்றைக்கே குரல் கொடுக்கிறவன்.

"வா மக்கா, உக்காரு. நான் கண்டுபிடிச்சிட்டேன். அந்த ஆளு உன் பேரச் சொல்லுகதே இல்ல, கவனிச்சியா? எல்லாருக்கும் பேரு, உனக்கு மட்டும் நம்பரு. ஜெயில் புள்ளியாடே நீ? எட்டு மாசமா ஒன்ன ஒரு கேள்வி கேட்டிருக்காரா? இல்ல. ஒன் மூஞ்சியப் பாத்திருக்காரா? அதுவும் இல்ல. பெரிய படிப்பு படிச்சதும் சொந்த ஊர்க்காரனக் கண்டா நாறுது அவருக்கு."

"அப்படி இல்லடே. நீ சும்மா இரி," என்றான் மத்தியாஸ்.

"பின்ன எப்படி? சொல்லு."

மத்தியாஸ் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியா செல்வதாஸ், பயந்து கெடக்கான். நாம எதுக்கு இருக்கோம்? பேரச் சொல்லாத வாத்தியாருக்கு சார் கிடையாது. நாளைக்கு ஒருத்தனும் சொல்லப்படாது!"

"வேண்டாம்டே!"

"நீ காப்பியக் குடி."

மறுநாள் வெள்ளிக்கிழமை. யூஜின் பட்டியலைத் திறந்தார்.

"கிருஷ்ணமணி."

"பிரசன்ட்."

பேனா ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்தது. பதினெட்டு 'பிரசன்ட்'. ஒரு 'சார்' இல்லை. யூஜின் பட்டியலை மூடிவிட்டுக் கரும்பலகையில் ஊசலின் படம் வரைந்தார். கோடு நேராக வரவில்லை. அழித்து மறுபடி வரைந்தார்.

வராந்தாவில் பிரின்சிபாலின் செருப்புச் சத்தம் விறுவிறுவென்று ஆபீசை நோக்கிப் போனது. பத்து நிமிஷத்தில் பியூன் ஒரு துண்டுத் தாளோடு வந்தான். அதில் ஒரே வரி. 'மத்தியாஸ்: நீ ஒருவன் செய்தது குற்றம். வகுப்பையே கூட்டிச் சேர்த்தது கலகம்.'

மணி அடித்ததும் மத்தியாஸ் கிருஷ்ணமணியின் சட்டையைப் பிடித்து, கட்டடத்துக்குப் பின்னால் குளத்தங்கரைக்கு இழுத்துப் போனான்.

"ஒன்னால எனக்குப் படிப்பு போச்சுடே. கேளு. கேட்டுக்கிட்டு வாய மூடிக்கணும்."

சொன்னான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை. கரையிலிருந்து கடலுக்குள் வளைத்துப் போட்டு முப்பது பேர் நின்று இழுக்கிற பெரிய வலைக்குக் கரைமடி என்று பெயர். அன்று மத்தியாஸின் அப்பா சூசையின் மடியும், யூஜினின் அண்ணன் ஏசுஅடிமையின் மடியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சிக்கின. யாருடைய முறை என்று வாய்த்தகராறு. யாரோ கத்தியால் கயிற்றை அறுத்தான். இரண்டு மடி மீனும் கடலுக்கே போயிற்று. சாயங்காலம் குருசடியில், கல் சிலுவையின்மேல் கைவைத்து, இரண்டு வீட்டாரும் ஒரே சத்தியத்தைச் செய்தார்கள்: இனி ஒரு வீடு மற்ற வீட்டோடு மிண்டாது. மிண்டுவது என்றால் பேசுவது. எந்த வீட்டு ஆள் முதலில் மிண்டுகிறானோ, அந்த வீட்டு மடியில் பிறகு மீன் ஏறாது.

"சத்தியம் வீட்டுக்குன்னா வீட்டுல உள்ள எல்லாருக்கும். எனக்கு அப்ப அஞ்சு வயசு. அவரு திருச்சிராப்பள்ளியில போர்டிங்ல படிச்சிட்டிருந்தாரு. அவரு அங்க இருக்கும்போதே இங்க அவருக்கும் சேத்து வாயக் கட்டியாச்சு."

கிருஷ்ணமணி சிரித்துவிட்டான். மத்தியாஸ் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"பன்னிரண்டு வருசமாவா? கல்யாணம் காட்சின்னா?"

"மிண்டல்ல. சாவுக்கும் மிண்டல்ல."

"நீ ‘பிரசன்ட்’னு சொல்லுகியே, அது?"

"அத பட்டியலப் பாத்துச் சொல்லுகேன். ‘சாரு’ன்னா அவர விளிச்ச மாதிரி. அவரும் அப்படித்தான். நம்பரு யாருக்கும் சொந்தம் இல்லல்லா? பேரச் சொன்னா அது என்ன விளிச்ச மாதிரி ஆயிரும்."

கிருஷ்ணமணி தலையில் கை வைத்தான். "அப்ப அவரு உன்ன அவமானப்படுத்தல்ல?"

"எட்டு மாசத்துல ஒருநாளும் எனக்கு ஆஜர் போடாம விட்டதில்ல. பரீட்சைத் தாள்ல நான் தப்பு பண்ணின இடத்துல எல்லாம் சரியான கணக்கப் போட்டு வெப்பாரு. ஒருத்தருக்கும் அப்படிப் போடமாட்டாரு. வாயால சொல்ல முடியாததுக்கு அப்படிப் பண்ணுகாரு."

"நீ இத நம்புகியாடே? பௌதிகம் படிக்கிய நீயி?"

"நான் நம்பல்ல. எங்க மடி இழுக்கிய முப்பது பேரு நம்புகாவ. ஒரு வாரம் மீன்பாடு இல்லாமப் போனா கடலயும் காத்தயும் யாரும் குத்தம் சொல்லமாட்டாவ. சூசைக்க மவன் மிண்டினான், அதான்னு சொல்லுவாவ. எங்கம்மா எப்படித் தெருவுல நடப்பா?"

"நேரா பிரின்சிபால்கிட்ட போய் இதச் சொல்லிருவோம்."

"கொன்னுருவேன்!" மத்தியாஸ் அவன் கையை இறுகப் பிடித்தான். "நான் மாணவன், என்னப் பாத்துச் சிரிச்சிட்டுப் போவாவ. அவரு விரிவுரையாளர். காரணம் இல்லாமக் காரியம் இல்லன்னு தினம் நின்னு படிப்பிக்கிய மனுசன், குருசடிச் சத்தியத்துக்குப் பயந்து பையன் பேரச் சொல்லமாட்டாருன்னு வெளிய தெரிஞ்சா ஆபீசுல உக்காந்திருக்கவன் எல்லாம் சிரிப்பான். கடப்புறத்துல இருந்து முதமுதல்ல வந்த வாத்தியாருடே அவரு."

கிருஷ்ணமணி வெகுநேரம் தண்ணீரில் கல் எறிந்துகொண்டிருந்தான். "நாசமாப் போச்சு. நான் வேற பதினாறு பேரக் கெடுத்து வெச்சிருக்கேன்," என்றான் கடைசியில்.

சனிக்கிழமை மத்தியாஸ் வீட்டுக்குப் போனான். சூசை முற்றத்து மணலில் கால் நீட்டி உட்கார்ந்து மடியின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். மகன் சொன்னதை எல்லாம் ஊசியை நிறுத்தாமலே கேட்டார்.

"சாருன்னு விளின்னு அவன் பறஞ்சானா?"

"அவரு பறயல்ல. பிரின்சிபால்தான் சொன்னாரு."

"சரி. அப்ப திங்கக்கெழம அவனுக்கும் நெருக்கடிதான். எதுத்தாப்புல மேலாளு நிக்கும்போது நம்பரச் சொல்ல முடியுமோ? பேரச் சொல்லித்தான் ஆவணும்." ஊசி இப்போதுதான் நின்றது. சூசையின் கண்ணில், பெரிய மீன்கூட்டத்தைத் தூரத்திலேயே பார்த்துவிட்ட பளபளப்பு. "அவன் முதல்ல மிண்டட்டும். மிண்டின உடனே நீ வாய மூடிக்கிட்டு நில்லு. ஒரு சத்தம் வரப்படாது; ரெண்டு பேரு சத்தமும் கேட்டா யாரு முதல்லன்னு நாளைக்கு வழக்கு வரும். தோத்தது அவனுக்க வீடு. நமக்குப் பன்னிரண்டு வருசப் பாரம் எறங்கிச்சு."

"அப்பா, படிப்பு?"

"படிப்பு கெடக்கு."

உள்ளேயிருந்து அம்மா செசிலி வெளியே வந்தாள். "கெடக்காமே! ஒமக்குக் கெடக்கும். சுசீந்திரம் வரைக்கும் தலைச்சுமடா மீன் கொண்டு நடந்தது ஒமக்க தலையா, எனக்க தலையா?"

"நீ சும்மா கெட ஏட்டி. இது மடிக் காரியம்."

"மடிக் காரியம்! அந்த யூஜினுக்க தோளு மேல ஏறி உக்காந்துக்கிட்டு ‘மாமா, மாமா’ன்னு ஊரு சுத்தின பய இவன். வாயக் கட்டினது நீங்க ரெண்டு பேரு. மூச்சு முட்டுகது இவனுக்கு."

சூசை ஊசியை மறுபடி ஓட்டத் தொடங்கினார். பேச்சு முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

திங்கட்கிழமை. பிரின்சிபால் சொன்னபடியே வாசலில் நின்றார். வராந்தாவில் அல்ல, நிலைப்படிக்கு உள்ளே.

யூஜின் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு மேஜைக்குப் போனார். பட்டியலைத் திறந்தார். கிருஷ்ணமணி ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஹாஸ்டல் அறை அறையாக ஏறி இறங்கியிருந்தான். தான் கெடுத்ததைத் தானே சரிசெய்திருந்தான். "பிரசன்ட் சார்" ஒவ்வொன்றும் ஜன்னல் அதிரும்படி வந்தது.

எட்டு. ஒன்பது. பத்து.

யூஜின் நிறுத்தினார். பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். நிமிர்ந்து, மூன்றாவது பெஞ்சில் ஓரத்தில் இருந்தவனின் முகத்தை நேராகப் பார்த்தார். அந்த எட்டு மாதத்தில் முதல் தடவை.

"மத்தியாஸ்."

மெதுவாகத்தான் சொன்னார்.

மத்தியாஸ் எழுந்தான். காதுக்குள் அப்பாவின் குரல்: 'வாய மூடிக்கிட்டு நில்லு.' ஜெயித்தாயிற்று. பன்னிரண்டு வருஷம் இரண்டு வீடும் காத்திருந்த ஒரு சொல், இதோ அந்தப் பக்கத்திலிருந்து விழுந்துவிட்டது. இனி அவன் எதுவும் செய்ய வேண்டாம். சும்மா நின்றால் போதும்.

ஆனால் யூஜினுக்கும் இது தெரியும்; பரீட்சைப் பட்டியல் மிரட்டலும் அவர் காதுக்கு எட்டியிருந்தது. வாய் தவறிச் சொன்னதல்ல. பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னது. நம்பரைச் சொல்லிவிட்டு, 'என் வழக்கம் அது' என்று பிரின்சிபாலிடம் சமாளித்திருக்க முடியும். பையன் ஒழிந்தான் என்று பட்டியலை மூடியிருக்கவும் முடியும். அண்ணனையும், அண்ணனின் மடியை நம்பிய முப்பது குடும்பத்தையும் ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் இவன் பெயரை வைத்திருந்தார்.

அந்த மனுஷன் கூப்பிட்டுவிட்டு நின்றுகொண்டிருக்கிறார். ஒருவர் கூப்பிட்டால் என்ன செய்வார்கள்?

கிருஷ்ணமணி கண்ணை மூடிக்கொண்டான்.

"பிரசன்ட்," என்றான் மத்தியாஸ். பட்டியலை விட்டு அவர் முகத்தைப் பார்த்தான். "பிரசன்ட் சார்."

யூஜின் தலையசைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். மிச்சம் ஏழு பெயரும் ஓடி முடிந்தன. பிரின்சிபால் பதினெட்டு எண்ணி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். ஒரு சொல் சொல்ல ஒரு பையனுக்குக் கண் ஏன் கலங்க வேண்டும், கேட்ட ஆசிரியர் ஏன் முகத்தைக் கரும்பலகைப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை. தாம் கண்ணாடிக்குள் பூட்டி வைத்த ஒற்றைச் சொல் எல்லாருக்கும் ஒரே எடை என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். எதுவும் கேட்காமல் போனார்.

"மத்தியாஸ், போன வகுப்பில எங்க விட்டோம்?" யூஜின் திரும்பாமலே கேட்டார்.

"ஊசல்ல சார்."

"நீளத்தக் கூட்டினா அலைவு நேரம் என்ன ஆகும், மத்தியாஸ்?"

"கூடும் சார்."

அந்த ஒரு மணி நேரத்தில் அவனுக்கு மட்டும் ஒன்பது கேள்வி. வெளியே வந்ததும் கிருஷ்ணமணி அவன் காதில் சொன்னான்: "மக்கா, இதுக்கு நம்பரே தேவலாம்."

செவ்வாய்க்கிழமை பட்டியல் மதராசுக்குப் போயிற்று. அதில் பதினோராவது பெயர் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பிற்பகல் மத்தியாஸ் ஊருக்கு வந்தபோது, கரையில் அப்பாவின் மடியை இழுத்து முடித்து மீன் பங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். நூறு அடி தள்ளி ஏசுஅடிமையின் வள்ளம் மணலில் ஏறிக் கிடந்தது. அடியில் நண்டு வளை தோண்டியிருந்தது. பக்கத்தில் அந்த வீட்டு ஆட்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களின் சின்னப் பிள்ளைகள் இங்கே குவிந்த மீனைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு நின்றன.

"அஞ்சு நாளாச்சு," என்றாள் செசிலி. "திங்கக்கெழம சாயங்காலமே யூஜின் வந்து அண்ணங்கிட்ட பறஞ்சிட்டுப் போயிருக்கான், நான்தான் முதல்ல மிண்டினேன்னு. மறைக்கல்ல. எறக்கினாலும் ஏறாதுன்னு அவங்க மடிய எறக்கவே இல்ல."

சூசை மகனைப் பார்த்தார். "நீ என்ன செய்த?"

"மிண்டினேன்."

"வாய மூடிக்கிட்டு நில்லுன்னு பறஞ்சேன்லாலே?"

"பேரச் சொல்லி விளிச்சாரு அப்பா. எல்லாரும் பாக்க, என் மூஞ்சியப் பாத்து விளிச்சாரு. நான் எப்படி மிண்டாம நிக்க?"

சூசை கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. அவர் பார்வை அந்த வள்ளத்தின்மேல் போயிருந்தது. கடலில் காற்று அருமையாக இருந்தது. நீரோட்டமும் சரியாக இருந்தது. இப்படிப்பட்ட நாளில் ஒரு வள்ளம் கரையில் கிடப்பதைப் பார்க்க அவரால் முடியவில்லை. கையை இறக்கினார். இடுப்புத் துண்டை இறுக்கிக்கொண்டு நடந்தார். நூறு அடி. அந்த வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

பத்தடி தள்ளி நின்றார்.

"லே ஏசுஅடிமை!"

கரையே திரும்பிப் பார்த்தது.

"எனக்க வீடும் மிண்டியாச்சு. பய மிண்டினான், இப்ப நானும் மிண்டுகேன். ஏறாதுன்னா ரெண்டு பேருக்கும் ஏறாண்டாம். காத்து போவுது, மடிய எறக்குகியா இல்லியா?"

ஏசுஅடிமை மெல்ல எழுந்தார். பன்னிரண்டு வருஷத்தில் அவருக்கு முன்பல் இரண்டு போயிருந்தது. அது சூசைக்கு இப்போதுதான் தெரிந்தது.

"பன்னிரண்டு வருசம் கழிச்சு மிண்ட வந்தவனுக்க வரவப் பாரு, அதிகாரத்தப் பாரு!"

"உனக்க தம்பி தொடங்கி வெச்சான், நான் வந்தேன்."

"அவன் இவன்னு பறஞ்சா நடக்கது வேற. காலேஜில உனக்க மவன் சாருன்னுதான் விளிச்சானாம், தெரியுமாலே?"

"தெரியும்லே. சாரு. உனக்க தம்பி சாரு. போதுமா? பிடி அந்த வள்ளத்துத் தலப்ப."

ஐந்து நாள் வெயிலில் மணலோடு ஒட்டிப்போன வள்ளம் முதல் தள்ளலுக்கு அசையவில்லை. இரண்டாவது தள்ளலுக்கு ஆள் போதாது என்று யாரோ கத்தினார்கள். மத்தியாஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான்.